வடக்கின் மின்திட்டங்களும் தொழிற்பயிற்சியும்: ஒப்பந்தத்தில் ஒரு பத்தி கேட்பது நியாயமா?

கல்மடுவான்

இலங்கையில் மின்சாரம் பற்றிய பேச்சு மெகாவாட்டில் தொடங்கி மெகாவாட்டிலேயே முடிந்துவிடுகிறது. நுரைச்சோலையில் 900, மேல் கொத்மலையில் 150, உமா ஓயாவில் 120, மன்னார் தம்பபவனியில் 103.5 என்று எண்களை ஒப்புவிக்கிறோம். 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்கு என்பதும் எல்லோருக்கும் மனப்பாடம். இந்த இயந்திரங்களைப் பொருத்துகிறவர்களும், பத்து வருடம் கழித்துப் பழுது பார்க்கப் போகிறவர்களும் எங்கே, யாரிடம் தொழில் கற்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் திட்ட அறிக்கைகளின் பின்னிணைப்பில்கூட வருவதில்லை.

எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அதன் அயலிலேயே ஜேர்மனியின் உதவியுடன் கட்டப்பட்டு 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. வடக்கில் அதற்கு இணையான பட்டறைகள் கொண்ட தொழிற்பயிற்சி நிலையம் வேறு இல்லை என்றே சொல்வேன். பூநகரியிலும் மன்னாரிலும் காற்றாலைத் திட்டங்கள் பேசப்பட்டு வருகின்றன. ஆனால் பட்டறையையும் காற்றாலையையும் இணைக்கும் ஒரு கடதாசி எங்கும் இல்லை. பயிற்சி நிறுவனம் தொழிற்கல்வியைப் பார்க்கும் அமைச்சின் கீழ் இயங்குகிறது. மின்திட்டம் மின்சக்தி அமைச்சின் கீழ் வருகிறது. வீதி இன்னோர் அமைச்சின் பொறுப்பு. ஒரே இளைஞனின் வாழ்க்கை மூன்று கோப்புகளில் சிதறிக் கிடக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு இதுதான். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மின்சக்தி, வீதி, நீர்வழங்கல் ஒப்பந்தத்திலும், சீமெந்துக்கும் கம்பிக்கும் இருப்பதைப்போல, பயிலுனர்களுக்கும் விலை குறிக்கப்பட்ட ஓர் உருப்படி இருக்கவேண்டும். இத்தனை பேர், இத்தனை மாதம், தேசிய தொழில் தகைமையின் இந்த மட்டம் வரை என்று அளவுப் பட்டியலிலேயே எழுதப்படவேண்டும். அது முடிக்கப்படாவிட்டால் ஒப்பந்தகாரருக்கு அந்தப் பணம் கொடுபடக்கூடாது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நடுக்குடா

கல்மடுவான் அவர்களே, உங்கள் முன்மொழிவை நான் எதிர்க்கவில்லை, வரிசையைத்தான் எதிர்க்கிறேன். மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாடிகள் நிற்கின்றன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் கட்டி 2020 டிசம்பரில் திறந்து வைத்தார்கள். அந்தக் கரையில் கரைவலை இழுக்கிற சனத்திடம், இது வந்தபின் உங்களுக்கு என்ன மாறியது என்று கேட்டுப் பாருங்கள். காற்றாடிகளுக்காகப் போட்ட வீதிகள் மழைநீர் வடியும் பாதைகளை மறித்துவிட்டன என்பார்கள், மீன்பாடு குறைந்துவிட்டது என்பார்கள். இவற்றில் எது எந்த அளவுக்கு உண்மை என்பதைச் சுயாதீனமாக ஆராய்ந்து, தமிழில் எழுதி, ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டியிருக்கவேண்டும். அப்படி நடக்காதபடியால்தான் 2025இல் புதிய காற்றாடிகளுக்கு எதிராகச் சனம் வீதிக்கு வந்தது.

தீவோ ஒடுக்கமானது, நிலமோ தாழ்வானது. மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் வழியும் அதுவே. இத்தனையும் தெரிந்த பிறகு, உங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் பயிற்சி தருகிறோம் என்று ஒருவர் வந்து நின்றால், அதை வாயடைக்கும் சலுகையாகத்தான் எங்கள் சனம் பார்க்கும். முதலில் இடத்தைத் தெரிவு செய்யும்போதே ஊரின் சம்மதம் கேட்கப்படட்டும், பயிற்சி அதற்குப் பிறகு வரட்டும்.

சுழற்சிமானி

மின்துறையில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். இருவரும் உற்பத்தியையே நோக்குகிறீர்கள். இன்றைய நெருக்கடி உற்பத்தியில் இருப்பதைவிட வலையமைப்பில்தான் அதிகம் இருக்கிறது.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியதாகச் செய்தி வந்தது, உலகமே சிரித்தது. குரங்கு ஒரு நிமித்தம் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்தன, மின்தேவை குறைவாக இருந்தது. வெயில் நன்றாக எறித்ததால் கூரைச் சூரியப் படலங்களின் பங்கு மிக உயர்ந்திருந்தது. நீர்மின், அனல்மின் நிலையங்களின் கனத்த சுழலிகள் ஓடும்போது அவற்றின் சுழலும் நிறையே ஓர் அதிர்ச்சியைச் சில விநாடிகளுக்குத் தாங்கிக்கொள்ளும். கூரைச் சூரிய மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டர்களில் அப்படிச் சுழலும் நிறை எதுவும் இல்லை. ஓரிடத்தில் மின்னழுத்தம் சரிந்ததும் அவை தம்மைப் பாதுகாத்துக்கொள்ள விலகின. அதிர்வெண் 50 ஹேட்ஸிலிருந்து விழுந்தது. மற்றவை அடுத்தடுத்து விலகின. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று அலகுகளும் நின்றபடியால், அவை மீளும்வரை அடுத்து வந்த நாட்களில் சுழற்சி முறையில் ஒன்றரை மணி நேர மின்வெட்டும் வந்தது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டதும் இதே பயத்தினால்தான். எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் இருட்டில் இருந்த நாடு, மூன்றே வருடத்தில், இலவச வெயிலை அணைத்து வையுங்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்தது.

இதற்கும் தொழிற்பயிற்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஒவ்வோர் இன்வேட்டரிலும் எந்த மின்னழுத்தத்தில், எந்த அதிர்வெண்ணில், எத்தனை விநாடிக்குப் பிறகு விலகவேண்டும் என்று அமைப்புகள் இருக்கின்றன. பொருத்துகிறவர் முதல் நாளில் திரையில் நாட்டின் பெயரைத் தெரிவு செய்யும்போதே அவை தீர்மானமாகிவிடும். பட்டியலில் இலங்கை இல்லாவிட்டால் கைக்குக் கிடைத்த வேறு நாட்டை அழுத்திவிட்டுப் போகிற பொருத்துனர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு வீட்டில் அது பிழைத்தால் ஒன்றுமில்லை. ஆனால் கூரைச் சூரியம் 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்ட நாட்டில், பல்லாயிரம் வீடுகளில் அது ஒரே மாதிரிப் பிழைத்தால் அதுவே ஒரு மின்நிலையம் திடீரென்று விலகியதற்குச் சமம். நாட்டின் மின்வலையமைப்பு எத்தனை உறுதியானது என்பது, ஏணியில் ஏறிய ஓர் இளைஞர் அந்தத் திரையில் எதை அழுத்தினார் என்பதிலும் தங்கியிருக்கிறது. அவருக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனவே கல்மடுவானின் யோசனையை ஏற்கிறேன். ஆனால் பெரிய ஒப்பந்தங்களோடு அதை நிறுத்தினால் பயன் குறைவு.

மோட்டார் வைண்டர்

சுழற்சிமானி ஐயா சொன்னதற்கு என் பக்கத்திலிருந்து ஓர் உதாரணம். நான் சுன்னாகப் பகுதியில் நீரிறைக்கும் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறவன். செம்மண் தோட்டக்காரர்களின் வெங்காயமும் புகையிலையும் என்னுடைய மேசையை நம்பித்தான் இருக்கின்றன என்று பகிடியாகச் சொல்வதுண்டு. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு நின்றபோது, கடன்பட்டாவது சோலர் போடலாம் என்று பலர் இறங்கினார்கள். அதனால் என் தொழிலும் கூரைக்கு ஏறியது.

கோண்டாவில் பக்கம் ஒரு வீட்டில், சோலர் பூட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மின்சாரம் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். படலங்களில் பிழையில்லை, இன்வேட்டரிலும் பிழையில்லை. ஓட்டுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தபோது நேரோட்ட வயரை இணைக்கிற ஒரு கனெக்டர் உருகி, பக்கத்து மரச்சலாகை கருகிப் போயிருந்தது. ஒரு பக்கம் ஒரு கம்பனியின் கனெக்டர், மறுபக்கம் வேறொரு கம்பனியினது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே பூட்டிக்கொள்ளும். உள்ளே உலோகம் உலோகத்தோடு முழுதாகத் தொடாது. அதற்குமேல், நெரிக்கிற கருவி இல்லாமல் சாதாரணக் குறட்டால் நசுக்கியிருந்தார்கள். இன்னும் ஒரு கோடை போயிருந்தால் கூரை பற்றியிருக்கும். வீட்டுக் கரண்டில் பொறி பறந்தால் அது அணைந்துவிடும், சோலரின் நேரோட்டத்தில் பறக்கிற பொறி அணையாமல் நின்று எரியும் என்பதை அந்தப் பொருத்துனருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

நான் க.பொ.த. சாதாரண தரத்தோடு பள்ளியை விட்டவன்; தொழிலை ஒரு பட்டறையில் பழகினேன். கையில் ஒரு சான்றிதழும் இல்லாததால், அரச வேலைக்குக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) போடும் ஒப்பந்தகாரர் என்னைச் சேர்க்கமுடியாது. ஏற்கனவே தொழில் தெரிந்தவரைப் பரீட்சித்துத் தகைமை வழங்கும் ஏற்பாடு, பயிலுனர் பயிற்சிக்கான அரச அதிகார சபையான நைட்டாவில் இருக்கிறது, தெரியும். ஆனால் மதிப்பீட்டாளர் வருகிற நாள், கருவிகளின் பட்டியல், தொழிற் பெயர்கள், எல்லாமே வேறு மொழியில் முதலில் வந்து, பிறகுதான் ஒரு தமிழ்ப் பிரதி கைக்குக் கிடைக்கிறது. அதுவும் வாசித்தால் விளங்காத தமிழ். கல்மடுவான் அண்ணை, உங்கள் பத்தியில் புதிதாகப் பயில வருகிறவர்களுக்கு இடம் இருக்கிறது. என்னைப்போல ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறவர்களுக்கு எந்த வரி?

தோஹா வடமராட்சி

எல்லோரும் பயிற்சி, பயிற்சி என்கிறீர்கள். பயிற்சி முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று நான் சொல்கிறேன்: தோஹாவில் நான் தங்கியிருக்கிற கட்டடத்தில் மட்டுமே மூன்றாம், நான்காம் மட்டத் தகைமையோடு வந்த எலெக்ட்ரிஷியன்கள் ஒரு மாடி நிறைய இருக்கிறார்கள். 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்காக இலங்கையை விட்டுப் போனார்கள். சான்றிதழ் இங்கே சம்பளத்தைக் கூட்டுகிறது, ஊரில் கூட்டுவதில்லை. ஒப்பந்தத்தில் பயிலுனர் பத்தியைச் சேர்த்தால், வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் செலவை அபிவிருத்தி வங்கியின் கடனிலிருந்து கட்டுகிறீர்கள் என்றாகிவிடும்.

நான் போனதைப் பிழையென்று சொல்லவரவில்லை. வீட்டில் இரண்டு தங்கைமார். ஆனால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

டிக்கோயாக் குறிஞ்சி

வணக்கம். மலையகத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு பயிற்சி நிலையத்தில் மின்னியல் கற்பிக்கும் பெண் போதனாசிரியர் நான்.

வடக்கில் மின்சாரத்தை லக்சபான மின்சாரம் என்று சொல்லும் வழக்கம் உண்டல்லவா? யாழ்ப்பாணம் போரினால் தேசிய வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் மீண்டும் இணைக்கப்பட்டபோது, லக்சபான வந்துவிட்டது என்று அங்கு மகிழ்ந்ததாக என் தோழி ஒருத்தி சொன்னாள். அந்த லக்சபானவின் அயலில் வாழ்கிறவர்கள் நாங்கள். பொறியியலாளர் விமலசுரேந்திர கனவு கண்டு, 1950இல் அந்த நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாக்கலை, கென்யோன், நோர்ட்டன் என்று எங்கள் பள்ளத்தாக்குகளில் தண்ணீர் தேக்கப்பட்டது, கொழும்பு வெளிச்சமானது. தோட்டத்து லயன்களுக்கு வெளிச்சம் வந்தது மிக மிகப் பிந்தித்தான். அதுவும் வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இல்லாததால், தோட்ட நிர்வாகத்தின் கடிதம் இல்லாமல் மின்னிணைப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் பல குடும்பங்கள் அலைந்தன. மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் முடிந்தபோது தலவாக்கலையில் வீடிழந்த குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் கிடைத்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் கேட்டால் அது அரசியலாகிவிடுகிறது.

லயன்களில் அடிக்கடி தீப்பிடிக்கிறது. பத்து அறைகள் ஒரே கூரைக்குக் கீழே. ஓர் அறைக்கு வந்த இணைப்பிலிருந்து அடுத்த அறைக்கு ஒட்டு வயர். ஏர்த் என்பது பெயருக்கு. இதைச் சரிசெய்யப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு தோட்டத்துக்கு இரண்டு, மூன்று நல்ல வயரிங் தொழிலாளர்கள் போதும். ஹற்றனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, வேறு நிலையங்களும் இருக்கின்றன. எங்கள் இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். காரணம் என் அனுபவத்தில் இதுதான்: பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் கொடுப்பனவு, பஸ் கட்டணத்துக்கும் பகல் சாப்பாட்டுக்குமே போதாது. கடையில் முதல் மாதமே சம்பளம். வீட்டில் அடுப்பு எரியவேண்டிய பிள்ளைக்கு ஆறு மாதம் பொறுத்திரு என்று எப்படிச் சொல்வது? தோஹாத் தம்பி சொல்கிற கசிவு படித்து முடித்த பிறகு நிகழ்வது. எங்கள் கசிவு வகுப்புக்கு வருமுன்பே நிகழ்ந்துவிடுகிறது.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் வகுப்பில் சேர்ந்த பெண்களில் எவரும் கம்பத்தில் ஏறமுடியாது என்று விலகியதில்லை. செயல்முறைப் பயிற்சிக்கு அனுப்பும் இடத்தில் கழிப்பறை இல்லை என்று விலகியிருக்கிறார்கள். உங்கள் பத்தியில் அதையும் எழுதுங்கள்.

பரணிக்கரை

நான் திருநெல்வேலிக்காரன், கயத்தாறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். இந்த இழையை ஆர்வத்தோடு வாசித்துவருகிறேன். வெளியூர்க்காரன் குறுக்கிடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றாலையில் வேலைவாய்ப்பைப் பற்றி மிகையாக நம்பவேண்டாம். முப்பது காற்றாலைகளைக் கட்டும்போது ஊரே திருவிழாவாக இருக்கும். கட்டி முடிந்தபின் அவற்றைப் பராமரிக்கத் தேவைப்படுவது சிறு குழுதான். அந்தச் சிறு குழுவுக்குத் தேவைப்படும் தகுதியோ சிறியதில்லை. உயரத்தில் வேலை செய்தல், முதலுதவி, தீப் பாதுகாப்பு, பாரம் தூக்குதல் ஆகியவற்றில் உலகக் காற்றாலை அமைப்பின் தரப்படி பயிற்சி பெற்ற சான்றிதழ் இல்லாமல் பெரிய நிறுவனங்கள் கோபுரத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டும். உங்கள் தேசியத் தகைமையில் நான்காம் மட்டம் முடித்த பையன், அந்த ஒரு தாள் இல்லாததால் அடிவாரத்தில் காவல் வேலைதான் பார்ப்பான். ஆக, ஒப்பந்தப் பத்தியில் எந்தச் சான்றிதழ் என்று பெயரிட்டு எழுதாவிட்டால் பயனில்லை.

வேலையின் தன்மையையும் சொல்கிறேன். காலையில் ஏறினால் முதலில் போல்ட் இறுக்கம் பார்ப்போம். ஒவ்வொரு போல்டுக்கும் இத்தனை அழுத்தம் என்று அட்டவணை உண்டு. நீரியல் கருவியால் இறுக்கி, பேனாவால் கோடிட்டு வைப்போம். அடுத்த முறை வரும்போது கோடு விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று பொருள். கடலோரம் என்றால் உப்புக் காற்று ஏர்த் பிடிகளைத் தின்றுவிடும். பச்சை பூத்து நிற்கும். மன்னாரில் அது இன்னும் கடுமையாக இருக்குமென்று நினைக்கிறேன். இவையெல்லாம் கையால் படிக்கிற பாடங்கள், எங்கள் பக்கம் தமிழிலேயே சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் இருக்கிறது. அதன் சோதனை நிலையம் கயத்தாற்றில் உள்ளது. வெளிநாட்டவருக்கும் அங்கே பயிற்சி தருகிறார்கள். மன்னாரிலிருந்து போதனாசிரியர்கள் சிலர் இங்கே வந்து ஒரு பருவக்காற்றுக் காலம் முழுக்க எங்களோடு ஏறி இறங்கினால், அவர்கள் திரும்பிப் போய்ப் பலருக்குச் சொல்லித் தரலாம்.

கல்மடுவான்

எல்லோருக்கும் நன்றி. பதில்களை ஒவ்வொன்றாக எழுதாமல், என் யோசனை எங்கே திருந்தியிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பரணிக்கரை அவர்களும் சுழற்சிமானி ஐயாவும் சேர்ந்து காட்டியது முக்கியமானது. தொழில் பெருமளவில் இருப்பது கூரையிலும், வீட்டு வயரிங்கிலும், நீரிறைக்கும் மோட்டாரிலும், தெருக் கம்பத்திலும்; காற்றாடியில் இருப்பது கொஞ்சம். ஆகவே பெரிய திட்டம் தன் பராமரிப்புக்கான ஆட்களை மட்டும் பயிற்றினால் போதாது. அந்தத் திட்டம் நிற்கிற மாவட்டத்தின் சிறிய மின்தொழில்களுக்கும் சேர்த்தே பயிற்சிப் பணம் கொடுக்கவேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு இந்திய அரசின் நன்கொடையில் காற்று, சூரியன், மின்கலம், டீசல் சேர்ந்த கலப்பு மின்தொகுதி திட்டமிடப்பட்டிருக்கிறது. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. அப்படியொரு நாளில் நெடுந்தீவின் மின்கலத் தொகுதி நின்றுபோனால் கரையிலிருந்து பொறியியலாளர் போய்ச் சேரமுடியாது. தீவிலேயே கைகாரர் இருக்கவேண்டும். இந்தச் சிறிய திட்டத்திலிருந்து தொடங்குவது நடைமுறைக்கு ஏற்றது என்று இப்போது நினைக்கிறேன்.

தோஹாத் தம்பியின் கணக்கை நான் மறுக்கமாட்டேன். ஆனால் போர் முடிந்தபின் இந்திய வீட்டுத்திட்டம் வந்ததை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளுக்குப் பயனாளியின் கையிலேயே 5,50,000 ரூபாயைத் தவணைகளாகக் கொடுத்து, நீயே ஆள் பிடித்துக் கட்டு என்றார்கள். பணம் போதவில்லை என்று எல்லோரும் குறைபட்டார்கள், கடன்பட்டவர்களும் உண்டு. ஆனால் வன்னியில் பெரிய கம்பனிகள் வந்து மொத்தமாகக் கட்டியிருந்தால் உருவாகியிருக்காத மேசன்மாரும் தச்சர்மாரும் அந்த வீடுகளில்தான் உருவானார்கள். அவர்களிற் பலர் இன்றும் இங்கேதான் வேலை செய்கிறார்கள். அதே காலத்தில் வடக்குக்கான ரயில் பாதையையும் மீண்டும் போட்டார்கள். 2014இல் யாழ்ப்பாணத்துக்கு வண்டி வந்தது, நல்ல வேலை. ஆனால் தண்டவாளம் போட்ட தொழில் எங்கள் ஊரில் யார் கையிலும் தங்கவில்லை. வேலையைத் துண்டு துண்டாக ஊருக்குள் பிரித்துக் கொடுத்தால் தொழில் தங்கும் என்பது என் எண்ணம்.

நடுக்குடா அவர்களுக்கு: சம்மதம் முதலில் வரவேண்டும் என்பதை ஏற்கிறேன். சம்மதம் கிடைக்காத இடத்துக்கு என் பத்தி பொருந்தாது என்று எழுதிக்கொள்ளலாம்.

நடுக்குடா

அப்படியானால் அதைப் பத்தியின் முதல் வரியாக எழுதுங்கள். கடைசி வரியாக எழுதினால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள்.

சுழற்சிமானி

விலையைப் பற்றியும் பேசவேண்டும். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை அமைக்க அதானி நிறுவனம் முன்வந்தபோது, ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்பது பேசப்பட்ட விலை. அது அதிகமென்று சர்ச்சை எழுந்தது, புதிய அரசு விலையை மீளாய்வு செய்ய முற்பட்டது, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. மன்னாரிலேயே ஒரு சிறிய காற்றாலைக்குப் போட்டிக் கேள்விகோரல் மூலம் 4.65 சதத்துக்கு விலை கிடைத்தது. போட்டி விலைக்கு நான் ஆதரவானவன். ஆனால் விலையை மட்டும் வைத்துத் தெரிவு செய்தால், குறைந்த விலை கொடுப்பவர் முதலில் வெட்டும் செலவு பயிற்சிதான். அதனால்தான் கல்மடுவான் சொல்வதுபோல அதைத் தனி உருப்படியாக, எல்லாக் கேள்விதாரருக்கும் ஒரே நிலையான தொகையாக முன்கூட்டியே குறிக்கவேண்டும். பயிற்சியில் விலைப் போட்டிக்கு இடமே இருக்கக்கூடாது. தகைமைகளை ஒழுங்குபடுத்தும் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு அதைப் பரிசோதிக்கட்டும். ஒப்பந்தகாரரே தன் பயிலுனருக்குப் புள்ளி போடக்கூடாது.

2024இல் புதிய மின்சாரச் சட்டம் வந்து, அடுத்த வருடமே திருத்தப்பட்டு, மின்சார சபையை உற்பத்தி, செலுத்துகை, விநியோகம் எனத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்யப்பட்டது. சபையாக இருந்தபோது ஒரே நிறுவனத்துக்குள் லயின்மேன் தொடங்கிப் பொறியியலாளர் வரை பயிற்சி நடந்தது. பிரிந்தபின் அந்தப் பொறுப்பு யாருடையது என்பதை இப்போதே கேட்காவிட்டால், ஒவ்வொரு கம்பனியும் பயிற்றப்பட்டவரை மற்றதிடமிருந்து பிடுங்க மட்டுமே பார்க்கும். மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு உரிமங்களை வழங்கும்போது பயிற்சியையும் ஒரு நிபந்தனையாக வைக்கலாம். அதுவே உங்கள் ஒப்பந்தப் பத்தியைவிடப் பலமானது என்று கருதுகிறேன்.

தோஹா வடமராட்சி

உரிமம், நிபந்தனை எல்லாம் சரி. ஊரில் கூரைச் சோலர் பூட்டுகிறவருக்கு நாட்கூலி எவ்வளவு என்று மோட்டார் வைண்டர் அண்ணை சொல்லட்டும். அதற்கும் மேசன் கூலிக்கும் வித்தியாசமில்லை என்றால் நான் ஏன் திரும்பிவரவேண்டும்?

மோட்டார் வைண்டர்

தம்பி, இன்றைக்கு வித்தியாசமில்லை. அதை மறைத்து என்ன பயன். தகைமை உள்ளவர்தான் கையொப்பம் வைக்கவேண்டும், அந்தக் கையொப்பம் இல்லாமல் மின்சார சபை சோலருக்கு மீட்டர் மாற்றித் தராது என்று ஒரு விதி வந்து, அது எல்லா மாவட்டத்திலும் ஒரே மாதிரி நடைமுறையானால் வித்தியாசம் வரும். கையொப்பத்துக்கு ஒரு விலை வந்துவிட்டால் கூலி தானாக ஏறும். நான் கேட்கிறது அந்தக் கையொப்பத்துக்கான தகைமையைத்தான்.

குறிஞ்சி அக்கா, உங்கள் நிலையத்தில் வீட்டு மின்னிணைப்புக்கான நான்காம் மட்டத் தகைமையின் கருவிப் பட்டியல் தமிழில் இருந்தால் இங்கே பதிவிடமுடியுமா? காப்புத்தடை அளக்கிற மீட்டர் 500 வோல்ட் போதுமா, 1,000 வோல்ட் கேட்பார்களா என்று தெரிந்தால், அடுத்த மதிப்பீட்டுக்கு முன்பு நாங்கள் நாலைந்து பேர் காசு போட்டு ஒன்றை வாங்கிக்கொள்வோம்.

டிக்கோயாக் குறிஞ்சி

வீட்டு வயரிங்குக்கு 500 வோல்ட் போதும். சோலருக்கும் சேர்த்துப் பாவிப்பதென்றால் 1,000 வோல்ட் உள்ளதையே வாங்குங்கள், ஒருமுறை செலவுதான். ஆனால் 1,000இல் அளக்குமுன் இன்வேட்டரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அது எரிந்துபோகும். பட்டியலைத் திங்கட்கிழமை அலுவலகத்தில் எடுத்துப் பதிவிடுகிறேன். எங்கள் மாணவர்களுக்காக நானே விளங்குகிற தமிழில் திருத்தி எழுதிய பிரதி அது. அதிலிருந்தும் பிழை கண்டால் சொல்லுங்கள்.